எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: களியும் கொள்ளும் மட்டும் ஏன் போதாது?

ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர் தொலைவுதான். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம் போதும். உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டத்தார் பெரும்பாலும் இந்த நகரங்களுக்கோ, கோவைக்கோ, சென்னைக்கோ சென்று, சில நாள்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள். கையோடு கொண்டுவரும் டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி, இரும்புச்சத்து, பி12 என்று ஒரு மாத்திரைப் பட்டியல் இருக்கும். முதல் சில மாதங்கள் வீட்டார் அனைவரின் கவனமும் அதன்மேல் இருக்கும். எடை குறைந்து, பழைய உடைகள் தொளதொளத்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கி, ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறோமே’ என்ற நினைப்பு வந்ததும் மாத்திரைகள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. மறுபரிசோதனைக்குப் பெங்களூரு போவதும் நின்றுபோகிறது.

அந்த நினைப்பு இயல்பானது, ஆனால் ஆபத்தானது. அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அது இரைப்பையிலும் குடலிலும் செய்துவைத்த மாற்றம் ஆயுள் முழுவதும் நீடிக்கிறது. ஆகவே சத்து மாத்திரைகளும் ஆயுள் முழுவதும் தொடர வேண்டியவை. அவற்றை நோய்க்கான மருந்தாகப் பார்க்கும் வரையில், நோய் தீர்ந்ததும் நிறுத்திவிடலாம் என்றே தோன்றும். குடல் இனி எடுத்துக்கொள்ள முடியாத சத்தை ஈடுகட்டும் உணவின் ஒரு பகுதியாகவே அவற்றைக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ள, உடலுக்குள் என்ன மாற்றப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படும் முறைகள் மூன்று. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவிலான ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள், குடலைத் தொடுவதில்லை. பைபாஸ் முறையில், இரைப்பையின் மேற்பகுதியில் முப்பது மில்லி அளவே கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதை நேரடியாகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். உணவு மீதி இரைப்பையையும், அதை அடுத்துள்ள முன்சிறுகுடலையும், அதற்கடுத்த குடலின் ஒரு பகுதியையும் தொடாமல் போய்விடும். மினி பைபாஸ் என்று வழங்கும் மூன்றாவது முறையில் ஒரே ஓர் இணைப்புத்தான் உண்டு என்றாலும், தவிர்க்கப்படும் குடலின் நீளம் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை இருப்பதால் சத்துக் குறைபாட்டுக்கான வாய்ப்பு அதில் கூடுதல். ‘மினி’ என்ற பெயரைக் கேட்டு, பின்விளைவுகளும் சிறியவை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இனி எந்தச் சத்து எங்கே உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் சிக்கல் தானே விளங்கும். இரும்புச்சத்தும் கால்சியமும் முதன்மையாக முன்சிறுகுடலிலும் அதை ஒட்டிய பகுதியிலும் உறிஞ்சப்படுகின்றன. அந்த வழியைத்தான் பைபாஸ் மூடிவிடுகிறது. உணவிலுள்ள இரும்பு கரைவதற்கு இரைப்பை அமிலம் தேவை. அமிலம் சுரக்கும் பகுதியில் பெரும்பங்கை ஸ்லீவ் அகற்றிவிடுகிறது. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் என்றாலும், அங்கே அது உள்ளே நுழைய, இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணை வேண்டும். இரைப்பை சுருங்கினாலும் உணவு அதைத் தொடாமல் போனாலும் அந்தத் துணை குறைந்துபோகிறது. ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்போடும் பித்தநீரோடும் கலந்தால்தான் உடலில் சேரும். குடலின் நீளம் குறையக் குறைய அந்தக் கலப்பும் குறைகிறது. ‘ஸ்லீவ்தான் செய்தேன், குடலைத் தொடவில்லை, எனக்கு மாத்திரை தேவையில்லை’ என்பதும் சரியன்று. உண்ணும் அளவு குறைந்ததும் அமிலம் குறைந்ததுமே அவருக்குக் குறைபாட்டைக் கொண்டுவரப் போதுமான காரணங்கள்.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உடல் பருத்திருப்பதால் சத்து நிறைந்திருக்கிறது என்று பொருளில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பே பலருக்கு வைட்டமின் டி குறைவாகவும், பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவாகவும் இருக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதைத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியிருக்கிறது. வெறும் கையிருப்போடு அறுவை மேடைக்குப் போகிறவர்களுக்குப் பின்னால் வரும் இழப்பு இன்னும் விரைவாகத் தெரியும். ஆகவே ரத்தப் பரிசோதனையும் குறைபாட்டைச் சரிசெய்வதும் அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

இப்போது நம் சாப்பாட்டுக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் உடல்வலு கேழ்வரகில் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் உண்டு, அரிசியும் கோதுமையும் அதன் அருகில்கூட வர முடியாது. 2023இல் தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தை நீலகிரியோடு தருமபுரி மாவட்டத்திலும் தொடங்கியது பொருத்தமான முடிவே. சிக்கல் தானியத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. நூறு கிராம் மாவில் கிண்டிய ஒரு களி உருண்டையைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டால் அதில் 350 மி.கி. கால்சியமும் ஏழு கிராம் புரதமும் இருக்கும். அறுவை செய்துகொண்டவர் முதல் ஆண்டில் அந்த உருண்டையில் கால் பங்கு உண்டாலே வயிறு நிறைந்துவிடும். அப்படியானால் அவருக்குக் கிடைப்பது தொண்ணூறு மி.கி. கால்சியமும் இரண்டு கிராமுக்கும் குறைவான புரதமும்தான்; அந்தக் கால்சியத்திலும் ஒரு பகுதியைக் கேழ்வரகிலுள்ள ஃபைட்டிக் அமிலம் பிடித்துவைத்துக்கொள்ளும். அவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கால்சியம் 1200 முதல் 1500 மி.கி.; புரதம் குறைந்தது அறுபது கிராம். ‘களியும் கூழும் சாப்பிட்ட நம் பாட்டன் பூட்டனுக்கு எந்த மாத்திரை இருந்தது?’ என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் உண்ட அளவும் அவர்களுடைய முழுக் குடலும்தான் விடை.

களி உண்ணும் முறையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்பதுதான் நம் பக்கத்துப் பழக்கம். சிறுகச் செய்யப்பட்ட இரைப்பைக்கு இது ஒத்துவராது. விழுங்கிய கவளம் குறுகிய வாயிலில் அடைத்துக்கொண்டால் நெஞ்சு வலியும், எச்சில் ஊறலும், வாந்தியும் வரும். அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்த உணவு, பிறகு குழைந்த உணவு என்று படிப்படியாக வந்து, ஒன்றரை இரண்டு மாதங்களில்தான் வழக்கமான உணவுக்குத் திரும்ப முடியும். நீராகாரக் காலத்தில் வடிகட்டிய, நீர்க்கக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியை மோர் விட்டு, வெல்லம் சேர்க்காமல் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். களிக்குத் திரும்பும் நாள் வரும்போது அதைச் சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளி, வாயில் கரையும்வரை வைத்திருந்து, பிறகே இறக்க வேண்டும். தட்டில் முதல் இடம் களிக்கு இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. இதுவரை தொட்டுக்கொள்ள என்று ஓரத்தில் இருந்த கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, முட்டை, மீன் ஆகியவையே இனி முதலில் உண்ண வேண்டியவை.

புரதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். எடை விரைவாக இறங்கும் மாதங்களில் போதிய புரதம் வராவிட்டால், உடல் கொழுப்போடு தசையையும் கரைத்துவிடும். ஒரு முட்டையில் ஆறு கிராம், 200 மில்லி பாலில் ஆறேழு கிராம், நூறு கிராம் மீனில் பதினெட்டு கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்டு. கொள்ளில் நூறு கிராமுக்கு இருபத்திரண்டு கிராம் என்று சொல்வது காய்ந்த தானியத்தின் கணக்கு. வேகவைத்ததும் நீர் சேர்ந்து எடை கூடிவிடுவதால், ஒரு சிறு கிண்ணம் சுண்டலில் ஏழெட்டு கிராமே தேறும். இரண்டு முட்டை, 400 மில்லி பாலும் தயிரும், ஒக்கேனக்கல் மீனோ கோழிக்கறியோ நூறு கிராம், ஒரு கிண்ணம் கொள்ளோ மொச்சையோ என்று நாளெல்லாம் பிரித்துச் சாப்பிட்டால் ஐம்பது கிராமைத் தாண்டலாம். சைவ உணவு உண்பவர்களும், முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்களும் அறுபது கிராம் என்ற அளவை எட்ட முடியாதபோது, மருத்துவமனையில் சொல்லும் புரதப் பொடியைச் சேர்த்துக்கொள்வதில் தயங்க வேண்டியதில்லை. மீனை எண்ணெயில் பொரிக்காமல் குழம்பிலோ தோசைக்கல்லிலோ சமைக்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை விட்டு, உண்டு முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும்.

கிருஷ்ணகிரிக்காரர்களிடம் மாம்பழத்தைத் தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதற்குத் தேவையும் இல்லை. மாம்பழச் சாறும், சர்க்கரை சேர்த்த மாங்கூழும், வெல்லம் கரைத்த பானகமும் வேறு. பைபாஸ் செய்தவர்களுக்கு இவை இரைப்பையில் நிற்காமல் நேரே குடலில் இறங்கி, அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றைக் கொண்டுவரலாம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். பழத்துண்டு இரண்டு மூன்று, அதுவும் முட்டையோ பருப்போ உண்ட பிறகு என்றால் பெரும்பாலோருக்குத் தொல்லை இராது.

குறைபாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒவ்வொரு சத்தின் கையிருப்பும் எவ்வளவு காலம் தாங்குமோ அதற்கேற்ப அவை வரிசையில் வருகின்றன. நம் மக்கள் ஏமாந்துபோவதும் இதனால்தான். தயமின் என்னும் வைட்டமின் பி1 இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். இரும்பு மாதக்கணக்கில் கரையும். பி12 கல்லீரலில் சில ஆண்டுகளுக்கு இருப்பு வைத்திருக்கும். எலும்பிலுள்ள கால்சியம் பல ஆண்டுகள் ஓசையின்றித் தேய்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் தயமின். இதைப் பற்றி ஒவ்வொரு நோயாளியின் குடும்பத்தாரும், ஒவ்வொரு ஊர் மருத்துவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். தீட்டிய அரிசியை மட்டுமே உண்டவர்களைத் தாக்கிய பெரிபெரி நோய்க்கு இந்த வைட்டமின் குறைவுதான் காரணம். 1890களில் ஜாவாவில் கோழிகளிடம் இதைக் கண்டறிய வழிகாட்டிய டச்சு மருத்துவர் ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்துப் புழுங்கல் அரிசி ஆக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்குவதால், புழுங்கல் உண்ணும் நம்மிடையே அந்த நோய் அரிதாக இருந்தது. ஆனால் அறுவைக்குப் பின் ஒருவர் நாள்தோறும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தால், புழுங்கல் அரிசியும் கேழ்வரகும் அவருக்கு உதவா. உள்ளே எதுவும் தங்குவதில்லை. பொதுவாக முதல் ஆறு மாதங்களுக்குள், தொடர்ந்த வாந்தியும் குறைந்த உணவும் சேரும்போது, தயமின் இருப்பு வற்றி மூளையைத் தாக்கும். பார்வை இரண்டாகத் தெரிவது, கண்விழிகள் நிலைகொள்ளாமல் ஆடுவது, நடையில் தள்ளாட்டம், சொன்னதையே சொல்லும் குழப்பம் ஆகியவை அறிகுறிகள். உடனடியாகக் கவனிக்காவிட்டால் நினைவாற்றல் திரும்பாமலே போய்விடலாம்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. வாந்தியால் துவண்டு வருபவரைப் பார்த்ததும், ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள், தெம்பு வந்துவிடும்’ என்று உறவினரே கேட்பார்கள். பல கிளினிக்குகளிலும் அதுவே முதல் வேலை. குளுக்கோஸை உடல் எரிப்பதற்குத் தயமின் வேண்டும். இருப்பு வற்றிய நிலையில் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் துளியும் செலவாகி, மூளைப் பாதிப்பு அன்றே வெளிப்பட்டுவிடலாம். ஆகவே எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர் வாந்தியோடு வந்தால் தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் அதற்குப் பிறகு என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. காரிமங்கலத்திலோ ஊத்தங்கரையிலோ இரவு பத்து மணிக்கு ஒரு கிளினிக்குக்குப் போக நேர்ந்தால், ‘இவருக்கு இரைப்பை அறுவை செய்திருக்கிறது, முதலில் பி1 ஊசி போடுங்கள்’ என்று சொல்லும் துணிவு கூடச் செல்பவருக்கு இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு நகல் பையில் இருந்தால் அந்தப் பேச்சு எளிதாகும். வாந்தி இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தால் அறுவை செய்த மருத்துவமனைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். நாள்தோறும் எடுக்கும் மாத்திரையில் குறைந்தது 12 மி.கி. தயமின் இருக்க வேண்டும் என்றும், 50 மி.கி. இருப்பது நல்லது என்றும் அமெரிக்க எடை குறைப்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல் கூறுகிறது. நூறு கிராம் கேழ்வரகில் இருப்பது அரை மி.கி.க்கும் குறைவு.

அடுத்தது இரும்பு. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும், பைபாஸ் அல்லது ஸ்லீவ் செய்துகொண்ட மற்றவர்களுக்கும் மல்டிவைட்டமினில் உள்ளதையும் சேர்த்து நாளொன்றுக்கு 45 முதல் 60 மி.கி. இரும்பு தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அது பயனுள்ள மாத்திரை, கையில் பணம் இல்லாத மாதத்தில் பெரிய துணை. ஆனால் அதைத் தேநீரோடு விழுங்கினால் தேநீரிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நெல்லிக்காய்ச் சாறோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடும். கால்சியம் மாத்திரைக்கும் இரும்புக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பைபாஸ் செய்த சிலருக்கு எத்தனை மாத்திரை எடுத்தாலும் ஹீமோகுளோபின் ஏறாது. அவர்களுக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதுதான் வழி. அதை நோயாளியின் அலட்சியமாகக் கருதி அவரைக் கடிந்துகொள்வது நியாயமில்லை.

இரும்போடு சேர்ந்து வரும் ஃபோலிக் அமிலத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பி12 குறைந்தால் ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரும். ஃபோலிக் அமிலம் மட்டும் தொடர்ந்து கிடைத்தால் ரத்தசோகை மறைந்துவிடும். நரம்பு கெடுவது மட்டும் உள்ளுக்குள் தொடரும். ‘ரத்தம் பன்னிரண்டு இருக்கிறது, கவலையில்லை’ என்று நிறைவடைந்த ஒருவருக்குக் கால் மரத்துப்போவதற்கு இது காரணமாகலாம். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தவர் என்றால், பாதம் எரிவதையும் மதமதப்பையும் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுவோம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்காக மாதக்கணக்கில் விழுங்கும் அமிலக் குறைப்பு மாத்திரைகளும் பி12ஐ இன்னும் குறைக்கக்கூடியவை. பி12 நாளொன்றுக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம் வரை மாத்திரையாகவோ, மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசியாகவோ வேண்டும். சைவ உணவு உண்பவர்களுக்கு இதில் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை. உணவிலுள்ள பி12 இரைப்பையின் துணையின்றிச் சேராது. ஆனால் மாத்திரையின் அளவு பெரிதாக இருக்கும்போது அதில் ஒரு சிறு விழுக்காடு அந்தத் துணை இல்லாமலேயே குடலில் ஊடுருவிவிடும். இவ்வளவு பெரிய அளவு பரிந்துரைக்கப்படுவதன் காரணம் அதுதான்.

கால்சியத்தையும் வைட்டமின் டியையும் பற்றிப் பேசும்போது நம் மண்ணின் ஒரு துயரத்தையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி, லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற வரம்பைத் தாண்டிய ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைகளின் பற்களில் பழுப்புக் கறையும், மூட்டிலும் முதுகிலும் விறைப்பும் நாம் நேரில் காண்பவை. ஜப்பானிய நிதியுதவியோடு அமைந்த ஒக்கேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது இதற்காகத்தான். ஃபுளோரைடு எலும்பில் சேரும்போது அது பார்வைக்குத் தடித்தாலும் உறுதி இழக்கும். உணவில் கால்சியம் குறைந்தவர்களுக்கு இந்தப் பாதிப்பு கடுமையாகிறது. அத்தகைய எலும்போடு ஒருவர் பைபாஸ் செய்துகொண்டு கால்சியத்தையும் விட்டுவிட்டால், ரத்தத்தில் கால்சியத்தை நிலைநிறுத்துவதற்காகக் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கத் தொடங்கும். ஃபுளோரைடு சேர்ந்த எலும்பு அடர்த்திச் சோதனையில் நன்றாக இருப்பதுபோல் காட்டவும் கூடும் என்பதால், நம் பகுதியில் வளர்ந்தவர்கள் அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பாமல் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பார்ப்பது நல்லது. சமைக்கவும் குடிக்கவும் ஆழ்துளை நீரை விட்டு ஒக்கேனக்கல் நீரைப் பயன்படுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மருந்துக்கடையில் கால்சியம் வாங்கும்போது அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். ‘கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.’ என்று பெரிய எழுத்தில் இருந்தாலும் அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி. மட்டுமே. ‘கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி.’ என்றால் அதில் கால்சியம் 210 மி.கி. அளவுதான், அந்த மாத்திரையில் நாளுக்கு ஒன்று எடுப்பவர், தனக்கு வேண்டியதில் ஆறில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறார். ஆயினும் அறுவைக்குப் பின் சிட்ரேட்டே மேலானது. அமிலம் இல்லாமலும் அது கரையும், சாப்பாட்டோடும் எடுக்கலாம், தனியாகவும் எடுக்கலாம். கார்பனேட் மலிவு, ஆனால் அமிலம் தேவை, ஆகவே உணவோடு மட்டுமே எடுக்க வேண்டும். பைபாஸுக்குப் பின் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுவதால், அந்த வகையிலும் சிட்ரேட்டுக்கே முதலிடம். எதுவானாலும் ஒரு வேளைக்கு 500 முதல் 600 மி.கி.க்கு மேல் குடல் ஏற்காது. காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு மல்டிவைட்டமினும் இரும்பும், பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இரவு படுக்கும் முன்பும் கால்சியம் சிட்ரேட் என்று வைத்துக்கொண்டால் இடைவெளிகள் தாமாகவே அமைந்துவிடும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் இவற்றுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

வைட்டமின் டியில் இன்னொரு கணக்குப் பிழை வழக்கமாக நடக்கிறது. 60,000 யூனிட் பொட்டலத்தையோ கேப்சூலையோ மாதம் ஒன்று எடுத்தால் நாளுக்கு 2,000 யூனிட்டே ஆகிறது. அறுவை செய்தவர்களுக்கான பொது அளவோ ரத்தத்தில் டி மில்லிக்கு 30 நானோகிராமைத் தாண்டும்வரை நாளுக்கு 3,000. குறைபாடு கடுமையாக இருந்தால் வாரம் ஒன்று என மருத்துவர் சொல்வார். எட்டு வாரம் முடிந்ததும் அது மாதம் ஒன்றாகிப் பிறகு ஒன்றுமில்லாமல் போய்விடக் கூடாது. வெயிலில் வேலை செய்பவருக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். வெயில் நிறைந்த நம் நாட்டிலும் டி குறைபாடு மிகப் பரவலாக இருக்கிறது என்பதே அதற்குப் பதில். பரிசோதனைதான் நிலைமையைச் சொல்லும்.

கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் சாதாரண பி காம்ப்ளெக்ஸ் கேப்சூலும், குழந்தைகளுக்கான இனிப்பு மிட்டாய் வைட்டமினும் இந்தத் தேவைக்கு ஈடாகா. முன்னதில் பி12 பெரும்பாலும் சில மைக்ரோகிராம் அளவே இருக்கும். பின்னதில் பெரும்பாலும் இரும்பே இருக்காது. முதல் சில மாதங்களில் மென்று தின்னும் மாத்திரையோ திரவமோ நல்லது. மெல்லக் கரையும்படி மேற்பூச்சு இட்டவை கரையுமுன்பே குடலைக் கடந்துவிடலாம். வைட்டமின் ஏ, ஈ, கே, துத்தநாகம், தாமிரம் ஆகியவை நல்ல மல்டிவைட்டமினிலேயே அடங்கிவிடும். துத்தநாகத்தைத் தனியாக அள்ளி விழுங்கினால் தாமிரம் குறைந்து நடை தடுமாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

தலைமுடி கொட்டுவதைப் பற்றிப் பெண்கள் படும் வேதனையை நான் சிறிதாக நினைக்கவில்லை. மூன்றாம் மாதம் தொடங்கி ஆறாம் மாதம்வரை சீப்பு நிறைய முடி வருவது, எடை விரைவாக இறங்குவதால் வரும் விளைவு. பெரும்பாலும் தானாக நின்று மறுபடி வளரும். ஆறு மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் புரதம், இரும்பு, துத்தநாகம் குறைவா என்று பார்க்க வேண்டும். இதற்காகப் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரையை மிகுந்த அளவில் எடுப்பதால் பெரிய பயன் இல்லை. தைராய்டு உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவை அது பிழையாகக் காட்டச் செய்யும்.

வேறு மருந்துகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அறுவைக்குப் பின் சில வாரங்களிலேயே இரண்டும் தாழ்ந்துவிடுவதால், பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் அறுவை செய்துகொண்டதைச் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலிநிவாரணிகள், குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும். மது முன்னைவிட விரைவாகவும் கடுமையாகவும் ஏறுவதோடு, தயமினையும் அழிக்கும். இதில் ‘அளவாக’ என்ற பேச்சுக்கே நான் இடம் தரமாட்டேன்.

இளம்பெண்களின் நிலை தனியாகக் கவனிக்கத்தக்கது. எடை குறைந்ததும் கருத்தரிக்கும் திறன் கூடுவது உண்மை. பிள்ளைக்காகவே அறுவை செய்துகொள்வோரும் உண்டு. ஆனால் எடை இறங்கிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள்வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். ‘ஏதும் விசேஷம் உண்டா?’ என்று ஒவ்வொரு மாதமும் கேட்கும் மாமியார் வீட்டாருக்கு இதை மருத்துவர் வாயாலேயே சொல்லச் செய்வது அந்தப் பெண்ணுக்குப் பெரிய உதவி. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரைகளை முழுதாக நம்ப முடியாது. காப்பர்-டி போன்ற வேறு வழியை மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஃபோலிக் அமிலம் நாளுக்கு 800 முதல் 1000 மைக்ரோகிராம் தேவை. கர்ப்பம் உறுதியானதும் வைட்டமின் ஏ எந்த வடிவில் இருக்கிறது என்று பார்த்து, ரெட்டினால் வடிவை விட்டு பீட்டா கரோட்டின் வடிவுக்கு மாற வேண்டும். வழக்கமாக எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யும் குளுக்கோஸ் குடிக்கும் சோதனை, பைபாஸ் செய்தவருக்குக் கடும் மயக்கத்தைக் கொண்டுவரலாம் என்பதால் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பரிசோதனை மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு, அதன்பின் ஆண்டுதோறும் என்பது பொது முறை. ஹீமோகுளோபின், இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதம் ஆகியவை பார்க்கப்பட வேண்டும். இதற்காக ஒவ்வொரு முறையும் பெங்களூருக்கோ கோவைக்கோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. ரத்தத்தை ஓசூரிலோ தருமபுரியிலோ ஆய்வகத்தில் கொடுத்து, முடிவைக் கைபேசியில் அறுவை செய்த மருத்துவருக்கு அனுப்பி, அளவை மாற்றிக்கொள்ளலாம். பல மருத்துவமனைகள் இதற்கு ஒத்துக்கொள்கின்றன. 2008இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியும், 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் நம் மாவட்டங்களிலேயே இருக்கின்றன. வெளியூரில் அறுவை செய்துகொண்டவர்கள் அங்கே பொதுமருத்துவப் பிரிவில் ஒருமுறை தங்கள் கோப்பைக் காட்டிப் பதிவு செய்துகொண்டால், நள்ளிரவில் வாந்தியோடு போய் நிற்கும்போது விளக்கம் சொல்லும் நேரமாவது மிச்சமாகும்.